முறைவைத்துச் சுமப்போம்

சென்னை, இலண்டன், டோக்கியோ நகரங்களில் பணியாற்றும் செவிலியர் குழுவொன்றை நாம் நடத்தி வருகிறோம். சென்னையில் மாலை 7.30 மணிக்குக் கூடினால், டோக்கியோவில் இரவு 11 மணி. இலண்டனாரோ மார்ச் இறுதியில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி, அக்டோபர் இறுதியில் மீட்பர். அனைவர்க்கும் உகந்த வேளை கிட்டுவது அரிது.

வேளையை மாற்றாதிருப்பின் ஒருவரே என்றும் உறக்கம் இழப்பார்; நாளடைவில் பேச்சையும் நிறுத்துவார். அம்மௌனத்தைச் சம்மதம் எனக் கொள்ளுதல் அநீதி. ஆதலின் மாதந்தோறும் வேளையை மாற்றுகிறோம். பேசாதோர் கருத்தை எழுத்தில் கேட்டுப் பெறுகிறோம்.

இம்மாதம் நமது முறை: விடியற்காலை 4.30. டோக்கியோவில் காலை 8 மணி. அங்குள்ள சகோதரி முதன்முறையாக நம் தீர்மானத்தை மறுத்துரைத்தார். அவர் கூறியதே சரியென ஏற்றோம். வீட்டிலும், அன்பர்களே, சுமையைப் பகிர்ந்தால்தான் ஊமைகளாய் இருப்போர் வாய் திறப்பர்.