சீட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பை

ரோடு சைக்கிள் ஓட்டும் நண்பர்களுக்காக இந்த இழை. "சீட்டுக்கு அடியில எந்தப் பை மாட்டலாம் டாக்டர்?"னு சிலர் கேட்டிருந்தீங்க. பதிலுக்கு முன்னாடி, நான் தலைகுனிஞ்ச கதையைச் சொல்லிடறேன்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு அரசு மருத்துவமனையில் வேலை. காலை 8 மணிக்கு டூட்டி மாறும். அன்னைக்கு ஞாயிறு. முந்தின நாளே நைட் டூட்டி மேடம், "பையனுக்குக் காய்ச்சல் சார், நாளைக்கு மட்டும் கொஞ்சம் சீக்கிரம் வந்துருங்க"ன்னு கேட்டிருந்தாங்க. "ஏழே முக்காலுக்கு நிப்பேன் மேடம்"னு வாக்குக் கொடுத்தேன்.

விடியற்காலை 5 மணிக்கு வழக்கமான 40 கிலோமீட்டருக்குக் கிளம்பினேன். திரும்பும்போது பின் டயரில் சீமைக்கருவேல முள். எங்க பக்கம் இது புதுசில்ல. பையில் ட்யூப் இருக்கு, பத்து நிமிஷ வேலை என்று தைரியமாகத்தான் இறங்கினேன். ட்யூபை மாற்றி பம்ப் அடித்தால் காற்றே நிற்கவில்லை. பிரிக்காத புது ட்யூபில் ஓட்டை!

காரணம் அந்தப் பைதான். "இருக்கட்டுமே"ன்னு ரெண்டு லிட்டர் பை வாங்கியிருந்தேன். பாதிகூட நிறையாது. ஒவ்வொரு குழியிலும் உள்ளே கிடந்த இரும்பு மல்டிடூல் ட்யூபை உரசி உரசித் தேய்த்திருக்கு. ஒட்டுப் போடும் பேட்சும் கையில் இல்லை. வழியில் இருந்த ஒரே பஞ்சர் கடையும் பூட்டு.

சைக்கிளை ஒரு டீக்கடையில் விட்டுட்டு, பஸ் பிடிச்சு, அதே இறுக்கமான டவுசரோட கேஷுவல்ட்டிக்குள் நுழைஞ்சப்ப மணி 9:20. மேடம் ஒரு வார்த்தை திட்டல. கேஸ் ஷீட்டை ஒவ்வொன்றாக ஒப்படைச்சுட்டு ஓடினாங்க. திட்டியிருந்தாகூடத் தேவலைன்னு இருந்துச்சு.

அன்றைக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டது:

1. அளவு: தினசரி ஓட்டத்துக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் போதும். பை நிறைந்து இறுக்கமாக இருக்கணும். உள்ளே ஆடினால் எல்லாம் ஒன்றையொன்று தின்னும்.

2. மாட்டும் விதம்: சீட்டுக்கு அடியில் ஓடும் ரெண்டு கம்பியிலும் பட்டையைக் கோர்த்து இழுங்க. மூன்றாவது பட்டையை சீட் தண்டில் சுற்றுங்க. கையால் ஆட்டிப் பாருங்க, ஆடக்கூடாது. கனமான பொருள் தண்டை ஒட்டி முன்பக்கம் இருக்கணும். பைக்கும் டயருக்கும் நடுவில் நாலு விரலாவது இடம் வேணும். தொங்கும் பட்டை நுனியை மடித்துச் செருகுங்க, சக்கரத்தில் சிக்கினால் நேரா எங்ககிட்டதான் வரணும். பின் விளக்கைப் பை மறைக்கக்கூடாது.

3. உள்ளே: ஒரு ட்யூப் (பழைய சாக்ஸுக்குள் போட்டு), டயர் லீவர் ரெண்டு, மல்டிடூல் (துணியில் சுற்றி), ஒட்டு பேட்ச், ஒரு ஜோடி கையுறை. மழைக்கு எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவரில் போடுங்க. பம்பை ஃபிரேமில் மாட்டிக்கலாம். புது ட்யூப் போடும் முன் டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள் இருக்கான்னு பாருங்க, இல்லேன்னா அதே முள் மறுபடி குத்தும்.

4. ஒரு பித்தளை அடாப்டர்: நம்ம ரோடு சைக்கிள்ல பெரும்பாலும் ஒல்லியான பிரெஸ்டா வால்வு. பங்க்கில் இருக்கும் காற்றுக் குழாய் அதில் நேரடியா பொருந்தாது. கட்டைவிரல் நகத்தைவிடச் சின்ன இந்த அடாப்டர் இருந்தால் எங்கே வேணும்னாலும் காற்றடிக்கலாம்.

5. ஒரு சீட்டு: டாக்டரா சொல்றேன், இதுதான் முக்கியம். பேர், வீட்டு ஃபோன் நம்பர் ரெண்டு, சர்க்கரை, வலிப்பு, மருந்து அலர்ஜி ஏதாவது இருந்தால் அது. ரத்த வகை எழுதினாலும் நாங்க மறுபடி டெஸ்ட் பண்ணித்தான் ஏற்றுவோம். ஆனா மயங்கிக் கிடப்பவரின் பூட்டிய ஃபோனை வெச்சுக்கிட்டு வீட்டுக்காரங்களை எப்படித் தேடறது? இதைப் பையில் மட்டும் வைக்காம சட்டைப் பாக்கெட்டிலும் ஒண்ணு வைங்க. ஆம்புலன்ஸில் ஆள்தான் வருவார், சைக்கிள் வராது.

இப்போ மாசம் ஒருமுறை பையைக் கொட்டி, ட்யூபில் காற்றடித்துப் பார்த்துட்டுத்தான் திருப்பி வைக்கிறேன். மேடம் பையனுக்கு ரெண்டு நாளில் காய்ச்சல் விட்டுச்சு. ஆனாலும் ஞாயிறு டூட்டி வந்தா இன்னைக்கும், "சார், நாளைக்கு சைக்கிளா, வண்டியா?"ன்னு கேக்கறாங்க.

"வண்டிதான் மேடம்"ங்கறேன்.