செம்பருத்தியும் மாவுப்பூச்சியும்

செம்பருத்தி வளர்ப்பவர்களுக்கு மாவுப்பூச்சியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கொழுந்தில் யாரோ அரிசி மாவைத் தூவிவிட்டுப் போனதுபோல இருக்கும். சில நாளில் இலை சுருண்டு, மொட்டு விரியாமலே உதிரும். எதிர் வீட்டுத் தெலுங்கு அம்மா இதைப் 'பிண்டி நல்லி' என்பார். பிண்டி என்றாலும் மாவுதான். திருத்தணி 1960 வரை ஆந்திராவோடு இருந்த ஊர். இங்கே எதற்கும் இரண்டு பெயர் உண்டு.

எங்கள் மாடியில் இருக்கும் அடுக்குச் செம்பருத்தி, மாமியார் வீட்டிலிருந்து கிளையாக வந்தது. மாமியார் இப்போது இல்லை. கிருத்திகைதோறும் அந்தப் பூவைத்தான் மனைவி முருகன் படத்துக்கு வைப்பாள். போன கோடையில் செடி முழுக்க வெள்ளை. கடையில் கடுமையான பூச்சிமருந்து ஒன்றைக் காட்டினார்கள். பேத்தி விளையாடுவது அந்த மாடியில்தான்; அவளுக்கு வீசிங் உண்டு. வாங்காமல் வந்துவிட்டேன்.

"அம்மா செடி போச்சுன்னா பாருங்க" என்றாள் மனைவி.

இந்தப் பூச்சியின் உடம்பில் மெழுகுப் பூச்சு உண்டு. வெறும் தண்ணீரோ கஷாயமோ ஒட்டாமல் வழிந்துவிடும். அதனால் முதலில் மோசமான நுனிகளை வெட்டி, பையில் கட்டி அப்புறப்படுத்தினேன். மிச்சத்தைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்தேன். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய். எண்ணெய் தண்ணீரில் கலக்காது, ஆகவே கொஞ்சம் சோப்புக் கரைசலும் சேர்க்க வேண்டும். ஓரிரு இலையில் தெளித்து ஒரு நாள் பார்த்துவிட்டு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி சாயங்காலத்தில் அடித்தேன். வெயில் பட்டால் வேம்பின் வீரியம் சீக்கிரம் போய்விடும், இலையும் கருகும். பஞ்சு போன்ற பையில் இருக்கும் முட்டைகள் தப்பித்துப் பொரிக்கும் என்பதால் வாரம் ஒருமுறை, நான்கு வாரம். ஒரே தடவை அடித்துவிட்டு "வேம்பு வேலை செய்யவில்லை" என்பவர்கள்தான் அதிகம்.

எறும்பை விட்டுவிடக் கூடாது. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும். தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி, தண்ணீர்த் தட்டில் வைத்தேன். அதன் பிறகுதான் செடி தெளிய ஆரம்பித்தது. ஆடிக் கிருத்திகைக்கு ஏழு பூ.

பெரிய விவசாயத்திலும் இதே பாடம் நடந்திருக்கிறது. 2008ல் பப்பாளி மாவுப்பூச்சி கோயம்புத்தூர்ப் பக்கம் தலைகாட்டி பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவியது. மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொசுவைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து வயல்களில் விட்டார்கள். மாவுப்பூச்சிக்குள்ளேயே அது முட்டையிடும். புழு உள்ளிருந்து தின்றுவிடும். அப்படித்தான் கட்டுக்குள் வந்தது. கடும் மருந்து அடித்தால் முதலில் சாவது இந்த மாதிரிக் கூட்டாளிகள்தான்.

இன்னொன்று. மாவுப்பூச்சிக் கூட்டத்தில், அதே வெள்ளை நூலோடு, ஆனால் பெரிதாக, சுறுசுறுப்பாக ஊர்ந்து போகும் ஒன்றைப் பார்த்தால் நசுக்கிவிடாதீர்கள். அது ஒரு வகைப் பொறிவண்டின் புழு, சாப்பிட வந்திருக்கிறது. அந்தக் கிளையில் அன்றைக்கு எண்ணெயும் அடிக்க வேண்டாம்.