பித்தளைக் குழாயும் நெசவாளர் மகனும்



ஊரில் விஞ்ஞான ஆசிரியராக இருந்த காலத்தில் தொலைநோக்கியைக் கரும்பலகையில் வரைந்தே கற்பித்தேன், கையால் தொட்டதில்லை. இலண்டனுக்கு அகதியாக வந்து, களஞ்சியமொன்றில் இரவு வேலை செய்த நாட்களில், பழம்பொருட் சந்தையில் ஒன்றை வாங்கினேன். மாலுமிகள் இழுத்து நீட்டிப் பார்க்கும் பித்தளைக் குழாய் அது. "வாடகைக்கே காசு போதாது; உங்களுக்கு இது எதற்கு?" என்றார் மனைவி. அன்று என்னிடம் விடையில்லை.

அதன் முன்வில்லை இரண்டு கண்ணாடிகளால் ஆனது. குவிவு வில்லை பிரிக்கும் நிறங்களை வேறுவகைக் கண்ணாடியாலான குழிவு வில்லை மீண்டும் சேர்க்க, உருவம் நிறக்கரையின்றித் தெளிகிறது. இவ்வமைப்புக்கு 1758இல் ஆக்கவுரிமை பெற்றவர் ஜோன் டொலண்ட். அவர் குடும்பப் பெயரே குழாயிற் பொறிக்கப்பட்டிருந்தது.

அவர் வரலாற்றைத் தேடிப் படித்தேன். சமய ஒடுக்குமுறையால் பிரான்சை விட்டு வந்த குடும்பத்தில், 1706இல் இலண்டன் ஸ்பிட்டல்பீல்ட்சிற் பிறந்தவர். பட்டு நெய்து பிழைத்தவாறே கணிதமும் ஒளியியலும் தாமே கற்றார். 1752இலேயே தறியை விட்டு, மகனுடன் கருவித் தொழிலில் இணைந்தார். அப்போது அவருக்கு ஏறத்தாழ என் வயது.

மறுவாரமே இப்பாடசாலைக்கு வந்து, "கற்பிக்க இடமுண்டா?" எனக் கேட்டேன்.

இன்று என்னிடம் ஐந்து கருவிகள் உள்ளன. மனைவியின் வினாவுக்கு விடையும் உண்டு. அகதியின் பிள்ளை கடைந்த கண்ணாடியால் எத்தனையோ கப்பல்கள் கரை கண்டன. விழா முடிந்ததும் என் மேசைக்கு வாருங்கள், பிள்ளைகளே; ஒவ்வொருவராக நோக்கலாம்.