எழுத்தெண்ணும் பொறி

தமிழ் பயில்வார்க்கும் கணிப்பொறியின் மொழிகளுக்கும் யாது இயைபு என்று வினவுவார் பலர். கட்டளைக் கலித்துறை ஒன்றேனும் எழுதிப் பார்த்தவர் அங்ஙனம் வினவார். நேரசை முதலாகிய அடிக்கு ஒற்று நீக்கி 16 எழுத்து. நிரையசை முதலாயின் 17. நான்கடிக்கும் விரல் மடக்கி எண்ணி முடிப்பதற்குள் பாடக் கருதிய பொருளே நெஞ்சை விட்டு அகன்றுபோம். இவ்வெண்ணும் வேலையைப் பொறியின் தலையிற் சுமத்தலாகாதோ என்னும் அவாவே எம்மைக் கம்பைலர் என்னும் நிரல்பெயர்ப்பியிடம் கொண்டு சேர்த்தது.

பொறி அறிந்தவை ஒன்றும் சுழியுமே. மக்கள் படித்தறியத்தக்க சொற்களால் எழுதப்பெற்ற ஆணைத்தொடரை அவ்விரண்டாக மாற்றித் தருதலே நிரல்பெயர்ப்பியின் தொழில். 1952-இல் கிரேஸ் ஹாப்பர் என்னும் அம்மையார் இத்துறையிற் கால்கோள் செய்தார். ஜான் பாக்கஸும் அவர்தம் குழுவினரும் ஆக்கிய போர்ட்ரான் மொழியின் கம்பைலர் 1957-இல் வெளிப்போந்தது. இவ்வகையார்க்கு உடன்பிறந்தாரும் உளர். கன்வென்ஷன் கூட்டங்களில் அயல்மொழிப் பிரசங்கியார் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்த, அருகு நிற்பவர் அதனைத் தமிழிற் சொல்லக் கேட்டிருக்கிறோம். பைத்தான் முதலிய மொழிகளை இயக்கும் இண்டர்பிரிட்டர் அத்தகையது. கம்பைலரோ சீகன்பால்கு ஐயரை ஒப்பது. 1715-இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முடிந்தபின், அதனைப் படிப்பவர்க்கு ஐயர் பக்கத்தில் நிற்க வேண்டிய தேவை இல்லாதொழிந்தது. முழுவதும் பெயர்த்த நிரல் விரைந்தோடுவதும் இக்காரணம் பற்றியே.

கல்லூரிகள் பலவற்றில் மாணவர் முதன்முதல் காண்பது டர்போ ஸி என்னும் நீலத்திரையை. 1987-இல் பிறந்த அதனைப் புதுப்பொறிகளில் ஓட்டுதற்கு டாஸ்பாக்ஸ் என்னும் போர்வை வேண்டும். தமிழ் இடம்பெற்ற யூனிக்கோடு முறையின் முதற் பதிப்பு 1991-இல் வந்தது. ஆதலின் முன்பிறந்த டர்போ ஸியிடம் தமிழெழுத்தை எதிர்பார்த்தல் வீண். யாம் விரும்பியது ஜி.ஸி.ஸி. என்னும் கம்பைலரை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-இல் வெளியிட்ட அதனை இன்றளவும் விலையின்றிப் பெறலாம். அதன் மூலநிரலையும் திறந்து படிக்கலாம். மாணவர் பைக்கு இதனினும் உகந்தது பிறிதில்லை.

விடுமுறையிற் கோபிசெட்டிபாளையம் சென்றிருந்தபொழுது, கணிப்பொறிக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் பழைய மடிக்கணினி ஒன்றைச் செப்பஞ்செய்து வாங்கினோம். "ஏனுங் தம்பி, தமிழு படிக்கிற பையனுக்குக் கம்பைலர் எதுக்குங்க?" என்றார். எழுத்தெண்ணுதற்கு என்றோம். "அதுக்குக் கைவிரலு பத்தாதுங்களா?" "பத்தாதுங்ண்ணா, பதினாறு வேணுங்க." அவர் நகைத்துக்கொண்டே ஐம்பது ரூபாயைக் குறைத்துக்கொண்டார்.

கோட் பிளாக்ஸ் என்பது நிரல் எழுதும் பலகை, ஜி.ஸி.ஸி.யை உடன்கொண்டு வரும் பொதியும் அதற்கு உண்டு. நிறுவுதல் எளிது. எனினும் கரும்பலகை போன்ற ஆணைத்திரையிலிருந்து கம்பைலரை விளித்தால், அப்படி ஓர் ஆணை இல்லையெனப் பொறி கைவிரிக்கும். 'பாத்' எனப்படும் பட்டியலில் குறித்த உறைகளை மட்டுமே அது தேடும் என்பதே காரணம். கொடிவேரியில் நீர் நிரம்பியிருப்பினும், தடப்பள்ளி வாய்க்காலின் மடை திறவாவிடில் வயல் காய்ந்தே கிடக்குமன்றோ? கம்பைலர் இருக்கும் உறையின் பெயரைப் பட்டியலிற் சேர்த்தலே மடை திறத்தல்.

பலகையின் நன்மை பிழை காட்டுவதில் விளங்கும். ஆணையின் இறுதியில் அரைப்புள்ளி இன்றேல் கம்பைலர் ஓரடியும் எடுத்து வையாது, வரியெண்ணோடு சுட்டும். ஆயின் அது சுட்டுவது சிற்சில வேளை அடுத்த வரியையாம். பிழையோ முந்திய வரியில் இருக்கும். புள்ளியின்றி எழுதிய ஏட்டைப் புள்ளியிட்டுப் படித்தவர் மரபில் வந்த நமக்கு இக்கண்டிப்பு சற்றே மிகையாகத் தோன்றுதல் இயல்பு.

இனி எழுத்தெண்ணிய கதை. எம்மூர்ப் பெயரையே பொறிக்கு இட்டோம். கோ, பி, செ, ட், டி, பா, ளை, ய, ம் என எழுத்து ஒன்பது. ஸி மொழியின் நீளமளக்கும் ஆணை 51 என்றது. பைத்தான் 17 என்றது. இரண்டும் பொய்யல்ல. யூனிக்கோடு முறையில் ககரம் ஒரு குறி, அதனோடு சேரும் ஓகாரக் குறியீடு மற்றொரு குறி, புள்ளியும் தனிக்குறியே. அங்ஙனம் எண்ணக் குறிகள் 17. யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்ளுமாதலின் 51. இன்னும் ஒரு வியப்பு. 'கோ'வின் ஓகாரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பும் காலுமாகப் பிரித்து இருகுறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. குறிகளை ஒன்றாக்கி ஒழுங்குசெய்யாத நிரலுக்கோ இரண்டும் வெவ்வேறு ஊர்கள்.

உயிர்மெய் ஓரெழுத்து என்பது தமிழ்ச் சிறுவனும் அறிந்தது. அஃது அறியாத பொறிக்கு அதனைக் கற்பித்தல் தமிழ் மாணவர் கடனன்றிப் பிறர் கடனாகாது என்பது எம் துணிபு. 2007-இல் முத்தையா அண்ணாமலை தொடங்கிய 'எழில்' என்னும் நிரல்மொழியைக் கண்டு இத்துணிபு வலுத்தது. பதிப்பி, வரை, முடி என்பன அதன் ஆணைகள். நிபந்தனை முன்னே நிற்க, 'ஆனால்' என்னும் சொல் பின்னே வரும். ஆங்கில நடைக்கு மறுதலையாகிய இவ்வைப்பு தமிழ்த்தொடரின் இயல்பினது. எழில் பைத்தானில் ஆக்கப்பெற்ற இண்டர்பிரிட்டரால் ஓடுவது. மேற்சொன்ன உவமைப்படி, அருகு நின்று பெயர்த்துச் சொல்பவர் அவர்.

எம் நிரலோ ஸியிலேயே அமைந்தது. உயிரெழுத்தையோ மெய்யின் அகரவடிவையோ கண்டால் ஒன்று கூட்டுக. உயிர்க்குறியீட்டைக் கண்டால் வாளா செல்க. புள்ளியைக் கண்டால் ஒன்று கழிக்க. இவ்வளவே. எம்மூர்ப் பெயரில் ஒன்பது கூட்டி, புள்ளி இரண்டிற்கும் இரண்டு கழிக்க, ஒற்று நீங்கிய எழுத்து ஏழெனச் சரியாக வந்தது. ஓகாரம் ஒரு குறியாயினும் இருகுறியாயினும் கணக்கு மாறாமை இம்முறையில் யாம் எதிர்பாராது பெற்ற ஊதியம். ஆய்தத்தைப் புள்ளியெழுத்தாகக் கொண்டு எண்ணாது விடுமாறு மற்றொரு வரி சேர்த்தோம். குற்றியலிகரம் வருமிடத்தை மட்டும் நிரல் இன்னும் அறியாது. அத்தகைய அடி வந்தால் இன்றும் விரலை மடக்கியே எண்ணி வருகின்றோம்.