வெளியே உள்ள பெஞ்சு

வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தெருவே திரண்டு வந்து வைத்தியம் சொல்லும். மனம் சரியில்லை என்றாலோ நாமே வாசற்கதவைச் சாத்திக்கொள்கிறோம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆறு மாதம் கதவு சாத்திக் கிடந்தது.

தம்பிக்குப் பதினொரு வயது. ஆறாம் வகுப்புக்குப் போனதிலிருந்து தினமும் காலையில் வயிற்றுவலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி வராது. பிறகு புத்தகங்களைக் கிழித்தான். இரவில் தூங்காமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாயி மந்திரித்துக் கயிறு கட்டினாள். டாக்டரிடம் காட்டலாம் என்றதும் அம்மா, "கீழ்ப்பாக்கத்துக்கா?" என்று அழுதாள். 1794-இல் தோன்றிய ஒரு மருத்துவமனை இருக்கும் இடத்தின் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோமே, அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

வீட்டில் இங்கிலீஷ் பலகை படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையதாயிற்று. எந்தப் பலகையில் எழுத்துகள் அதிகமோ அங்கே போனேன். அறுநூறு ரூபாய், நான்கே நிமிடம். பையனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று மாத்திரைகள். "எத்தனை நாளுக்குங்க?" என்று அம்மா கேட்டதற்கு, "கொடுங்க, சரியாகும்" என்பதே பதில். தம்பி பகலெல்லாம் எச்சில் ஒழுகத் தூங்கினான். சத்தம் அடங்கியதை நானும் குணம் என்றே எண்ணினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் பேராசிரியர் ஒருவர் சொல்லி, மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம். அங்கிருந்த டாக்டரம்மா முதலில் எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவனிடம் தனியாகப் பேசினார். பிறகு அம்மாவிடம், பிறந்தவுடன் அழுதானா, எப்போது நடந்தான், காது நன்றாகக் கேட்கிறதா என்றெல்லாம் கேட்டார். பள்ளி நோட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். பழைய மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்று, எதை எப்படிக் குறைப்பது என அம்மாவுக்குப் புரியும்படி விளக்கினார்.

உளவியலாளர் ஒருவரிடமும் அனுப்பினார். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேலே படித்தவர், மருந்து எழுதுவார். உளவியலாளர் மருந்து எழுதமாட்டார், பேசியும் சோதனைகள் வைத்தும் அறிவார். பி.எஸ்ஸி. படிக்கும் எனக்கே இந்த வேறுபாடு அன்றுதான் தெரிந்தது.

தம்பிக்கு அறிவில் குறைவில்லை. எழுத்துக்கூட்டிப் படிப்பதில்தான் குறை. கற்றல் குறைபாடு என்றார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அதற்கும் இடம் உண்டாம். சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்க வேண்டுமே என்ற பயம்தான் காலை நேர வயிற்றுவலி.

புறப்படும்போது டாக்டரம்மா என்னை மட்டும் நிறுத்தினார். "வீட்டில் யாரிடம் பயம் என்று கேட்டேன். உங்களைத்தான் சொன்னான்" என்றார்.

உண்மைதான். மாலைதோறும் அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவன் நான். கையில் அடிஸ்கேல் இருக்கும். நான் படித்துவிட்டேன், இவனுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்ற ஆத்திரம்.

இப்போது மாதம் ஒருமுறை போகிறோம். டாக்டரம்மாவின் அறைக்குள் நான் வருவதைத் தம்பி இன்னும் விரும்புவதில்லை. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளேயிருந்து சில சமயம் அவன் சிரிக்கும் சத்தம் கேட்கிறது.