டயலா, கீபேடா

துப்பாக்கிக்கென்று ஓர் இரும்புப் பெட்டகம் வாங்கப் போகிற அமெரிக்கர் எஃகின் தடிமன், எடை, தீயை எவ்வளவு நேரம் தாங்கும் என்பதையெல்லாம் கடந்து கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்பார். டயலா, கீபேடா? சுழற்றுகிற பூட்டா, பட்டன் அழுத்துகிற பூட்டா? நான் வசிக்கும் டெக்ஸாஸில் இதற்கு இரண்டு கட்சிகள் உண்டு. டயல் கட்சிக்காரருக்குப் பேட்டரி என்ற சொல்லே பிடிக்காது. கீபேட் கட்சிக்காரருக்கு டயல் தாத்தா காலத்துச் சமாச்சாரம்.

என்னிடம் துப்பாக்கி கிடையாது. இந்தக் கேள்வி என்னிடம் ஓர் அண்ணன் வழியாக வந்தது. தென்காசிப் பக்கத்துக்காரர், இங்கே வந்து பதினெட்டு வருஷம், குடியுரிமையும் வாங்கிவிட்டார். அலுவலக நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போகப் பழகி, ஒரு ரைஃபிளும் ஒரு கைத்துப்பாக்கியும் வைத்திருந்தார். இரண்டும் துணி அலமாரியின் மேல்தட்டில் கேபிள் பூட்டோடு கிடந்தன. "நீ சாஃப்ட்வேர்காரன். கீபேடை நம்பலாமா, சொல்லு" என்றார். நான் அதை ஒரு ப்ராஜெக்ட் போல எடுத்துக்கொண்டேன்.

டயல் பூட்டின் உள்ளே இருப்பது மூன்று சக்கரங்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு வெட்டு. மூன்று வெட்டுகளும் ஒரே கோட்டில் வந்தால் ஒரு சிறு கம்பி அதில் விழும், பூட்டு திறக்கும். இடதுபக்கம் நான்கு சுற்று, வலதுபக்கம் மூன்று, இடதுபக்கம் இரண்டு, பிறகு வலதுபக்கம் நிற்கும்வரை. முகப்பில் 100 எண்கள் என்பதால் கணக்குப்படி 10 லட்சம் சேர்க்கைகள். காகிதத்தில்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் லாஸ் அலமோஸில் அணுகுண்டு ரகசியங்களை வைத்திருந்த அலமாரிகளின் பூட்டுகளை ரிச்சர்ட் ஃபெயின்மன் நோண்டிப் பார்த்தார். எண் இரண்டு முன்னே பின்னே இருந்தாலும் அவை திறந்தன. அப்படியானால் ஒரு சக்கரத்துக்கு 20 எண்களை முயன்றால் போதும், மொத்தம் 8,000. அவர் சொல்லும் இன்னொரு கதை எனக்கு இன்னும் பிடிக்கும். அங்கே ஓர் அதிகாரியின் மகா பெரிய பெட்டகத்தை ஒரு பூட்டுக்காரர் சுலபமாகத் திறந்துவிட்டார். வித்தையைக் கற்றுக்கொள்ள ஃபெயின்மன் அவரிடம் போனார். வித்தையே இல்லை. தொழிற்சாலையிலிருந்து வரும்போது வைத்திருக்கும் எண்களை அவர் முயன்று பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். யாரும் மாற்றியிருக்கவில்லை. வைஃபை ரவுட்டருக்கு 'அட்மின், அட்மின்' என்று விட்டுவைக்கும் நம் ஆட்களுக்கு முன்னோடி.

கீபேடில் ஆறு இலக்கம். அதுவும் 10 லட்சம். சில தடவை தப்பாக அழுத்தினால் சில நிமிடம் முரண்டு பிடிக்கும். சரியாக அழுத்தினால் ஐந்து வினாடியில் திறக்கும். பேட்டரி செத்தால் என்னாவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரும்பாலான பூட்டுகளில் 9 வோல்ட் பேட்டரி வெளியே கீபேடில்தான் இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம், எண் அழியாது. என் பயம் வேறு. உள்ளே ஓடுவது ஒரு நிரல். அதை எழுதியவரும் என்னைப் போல வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் என்று விரட்டப்பட்டவர்தானே.

2016இல் டெஃப் கான் மாநாட்டில் ப்ளோர் என்ற புனைபெயரில் ஓர் ஆய்வாளர் சார்ஜென்ட் அண்ட் கிரீன்லீஃபின் 6120 பூட்டை எடுத்துக்கொண்டார். நாம் அழுத்திய எண்ணைச் சரிபார்க்க, பூட்டு தன் நினைவகத்திலிருந்து சரியான எண்ணைப் படிக்கும். படிக்கும்போது அது இழுக்கும் மின்சாரம் துளி ஏறி இறங்கும். அதை அளந்தே எண்ணைச் சொல்லிவிட்டார். துளை போடவில்லை, தடயமும் இல்லை. 2025இல் அதே மாநாட்டில் வேறு இருவர் செக்யூராம் ப்ரோலாஜிக் பூட்டுகளைத் திறந்து காட்டினார்கள். பூட்டுக்காரர்களுக்காக வைத்திருந்த ரீசெட் வசதிதான் ஒரு வழி. பேட்டரிக்குப் பின்னால் இருந்த துளை இன்னொரு வழி.

வாசல் எப்போதும் பூட்டிலேயே இருக்க வேண்டும் என்றும் இல்லை. 2023இல் எஃப்பிஐ கேட்டதும் லிபர்ட்டி சேஃப் நிறுவனம் ஒரு வாடிக்கையாளரின் பெட்டக எண்ணைக் கொடுத்தது. தேடுதல் வாரண்ட் இருந்தது, உண்மைதான். ஆனாலும் தங்கள் எண் கம்பெனியிடமும் இருக்கிறது என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. கூச்சல் எழுந்த பிறகு, கேட்பவர்களின் எண்ணை அழித்துவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. அதே வருஷம் ஃபோர்ட்ரெஸ் நிறுவனத்தின் சுமார் 61,000 கைரேகைப் பெட்டகங்கள் திரும்பப் பெறப்பட்டன. ரேகை பதிவாகும்வரை அவை எந்த விரலுக்கும் திறக்கும். பூட்டிவிட்டோம் என்று நம்பியவர்கள் இருந்தார்கள். 12 வயதுப் பையன் ஒருவன் செத்துப்போனான்.

இதையெல்லாம் ஒரு நீளமான மின்னஞ்சலாக அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் மசியவில்லை. "ராத்திரி எவனாவது கதவ உடைச்சுட்டு வந்தா, நாலு இடது மூணு வலதுன்னு சுத்திக்கிட்டு நிக்க முடியுமாடா?" என்றார். எந்தப் பெட்டகக் கடையிலும் கீபேடுக்காகச் சொல்லப்படும் முதல் வாதம் இதுதான்.

அந்த வசந்தத்தில் அவருக்கு வேலை போனது. இரண்டு மாதம் கழித்து அண்ணி கூப்பிட்டார். தூங்குவதில்லை, ராத்திரியில் காரேஜில் விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருக்கிறார், டாக்டரிடம் போக இப்போதுதான் சம்மதித்திருக்கிறார் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "தம்பி, அந்தப் பெட்டி விஷயம் என்னாச்சு? நம்பர் எங்கிட்ட மட்டும் இருக்கற மாதிரி வைக்க முடியுமா?" என்று கேட்டார்.

நான் அனுப்பிய மின்னஞ்சலில் வந்தவர்கள் எல்லோரும் வெளியாட்கள். திருடன், ஹேக்கர், எஃப்பிஐ. 2022இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000 பேருக்கு மேல். அதில் 27,000 பேருக்கு மேல் தற்கொலை. அந்தத் துப்பாக்கி வெளியாள் கொண்டுவந்ததாக இருக்காது. பலருக்கு அந்த வேகம் நிமிடக் கணக்கில்தான் இருக்கிறது, தாண்டிவிட்டால் தணிந்துவிடுகிறது என்கிறார்கள் இதை ஆராய்பவர்கள்.

"கொஞ்ச நாளைக்கு ரெண்டையும் வீட்டுக்கு வெளிய கொடுத்து வைக்கறதுதான் அண்ணி நல்லது" என்றேன்.

"அதுக்கு ஒத்துக்கல. பேசிப் பாத்துட்டேன். நம்பர் எங்கிட்ட இருக்கட்டும்னேன், அதுக்குத் தலையாட்டினாரு."

அப்புறம் யோசிக்க அதிகம் இல்லை. அண்ணன் இருபது வருஷமாக மைக்ரோகண்ட்ரோலருக்கு நிரல் எழுதுபவர். தூக்கம் வராத மனுஷனுக்கு ஒரு கீபேடையும் அந்த மாநாட்டு வீடியோக்களையும் கொடுத்தால் அதுவே அவருக்கு வேலையாகிவிடும். இரும்புச் சக்கரத்தில் ரீசெட் கிடையாது, நிரல் கிடையாது. எண் தெரியாதவர் மணிக்கணக்கில் உட்கார வேண்டும், அல்லது வீடே எழுந்துகொள்கிற சத்தத்தில் துளை போட வேண்டும். அண்ணனுக்குப் பிடிக்காமல் போன அந்த மந்தம்தான் எங்களுக்குத் தேவைப்பட்டது. அது சிகிச்சைக்கு மாற்று இல்லை. சிகிச்சை வேலை செய்ய நேரம் வேண்டுமே.

டயல் வைத்த பெட்டகம் வந்தது. தொழிற்சாலை எண் பெட்டியோடு ஒரு காகிதத்தில் ஒட்டியே வந்தது, ஃபெயின்மன் சிரித்திருப்பார். அதை மாற்ற ஒரு பூட்டுக்காரரை வரவழைத்தோம். அண்ணி மட்டும் உள்ளே போனார். கதவைத் திறந்துவைத்தபடியே ஐந்தாறு தடவை சுழற்றிப் பார்க்கச் சொன்னாராம் அவர். மூடிய பிறகு தப்பு தெரிந்தால் துளைதான். அந்த அரைமணி நேரமும் அண்ணன் அடுப்படியில் எங்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தார். இஞ்சி தட்டும் சத்தம் தேவைக்கு அதிகமாகவே கேட்டது.

அண்ணி வெளியே வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். "நம்பர மறந்துட்டேன்னா?"

"மறந்தா மறந்துட்டுப் போகுது" என்றார் அண்ணி, டம்ளரை வாங்கிக்கொண்டு.

நவம்பரில் மான் சீசன் தொடங்கியது. நண்பர்கள் கூப்பிட்டார்கள். அந்த வருஷம் அண்ணன் போகவில்லை, பெட்டகத்தைத் திறக்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை. அடுத்த வருஷம் கேட்டார்.