குண்டு பல்பும் ஒரு கைப்பிடிச் சருகும்

ஜூன் 8

வால்பாறையில் தென்மேற்கு இறங்கிவிட்டது. காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் எஸ்டேட் ஓரத்துச் சோலைக்குள் நுழைந்து ஒரு பை சருகு அள்ளி வந்தேன். கூடவே காலில் மூன்று அட்டை. சருகில் பாதிக்குமேல் வெடிப்பலா இலை. மேல்பக்கம் கறுத்துப்போன இலைகூட அடிப்பக்கம் செம்புத் தகடு மாதிரி மினுக்குகிறது.

இந்த வேலையில் என்னை இழுத்துவிட்டவன் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். பத்தொன்பது வருடமாகக் கரும்பலகையில் நான் போடும் படம் ஒன்றேதான்: ஓர் இலை, ஓர் அம்புக்குறி, நடுவில் ‘சிதைப்பவை’, இன்னோர் அம்புக்குறி, கீழே மண். “அந்த நடுவுல இருக்கிறது யாரு சார்?” என்று கேட்டான். பாக்டீரியா, பூஞ்சை, மண்புழு என்று அடுக்கினேன். “நம்ம சோலையில யாரு சார்?” என்றான். மணி அடித்தது, தப்பித்தேன்.

ஜூன் 10

இரண்டு லிட்டர் பாட்டிலை வெட்டி, மூடிப் பக்கத்தைப் புனலாகக் கவிழ்த்து, உள்ளே கொசுவலைத் துண்டு. அதன்மேல் சருகு. கீழே ஸ்பிரிட் ஊற்றிய சின்னக் குப்பி. மேலே விளக்கு. சருகு மேலிருந்து சூடாகிக் காயக் காய, ஈரம் தேடும் பூச்சிகள் கீழே கீழே இறங்கிக் குப்பியில் விழவேண்டும். 1905-இல் இத்தாலியில் பெர்லேசே செய்த புனலில் சூடு கொடுத்தது வெந்நீர். 1918-இல் ஸ்வீடனில் துல்கிரேன் அதற்குப் பதிலாக மின்விளக்கை மாட்டினார். நூறு வருடத்துக்குமேல் ஆகியும் உலகம் முழுக்க மண்பூச்சி பிடிக்கிறவர்கள் இதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 12

இரண்டு நாள் ஆயிற்று, குப்பியில் ஒன்றுமில்லை. விளக்கைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருக்கிறது. நான் மாட்டியது எல்இடி. அறிவியல் வாத்தியார்!

ஜூன் 13

பஜாரில் நாலு கடை ஏறி இறங்கினேன். குண்டு பல்பு இப்போது யாரும் வைப்பதில்லையாம். ஐந்தாவது கடையில் ஒரு பெரியவர் மேல்தட்டில் துழாவி, தூசி தட்டி, நாற்பது வாட்ஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “கோழிக்குஞ்சுக்கா சார்?” “கிட்டத்தட்ட அப்படித்தான்” என்றேன்.

ஜூன் 16

அடுத்த சிக்கல். நனைந்த சருகின்மேல் சூடு பட்டதும் ஆவி கிளம்பிப் பாட்டில் சுவரெல்லாம் முத்து முத்தாக வேர்த்துவிட்டது. இறங்கி வந்ததெல்லாம் அந்தத் துளிகளில் மாட்டிக்கொண்டு அங்கேயே கிடக்கின்றன. பல்பைக் கிட்டத்தில் வைத்தாலோ இறங்குவதற்குள் கருகிவிடும். சாணளவு உயர்த்திக் கட்டினேன். இனி ஐந்தாறு நாள் பொறுக்கவேண்டியதுதான். மின்சாரமும் பொறுத்தால் நல்லது.

ஜூன் 22

பள்ளி நுண்ணோக்கியில் முதல் துளி. வகுப்பே வராந்தாவில் வரிசை கட்டி நின்றது.

கடுகைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருக்கி, வார்னிஷ் அடித்து, எட்டுக் கால் ஒட்டினால் எப்படி இருக்கும், அப்படி. பெரும்பாலானவை அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. ஓடு கெட்டியானது, அதில் குழி குழியாக வேலைப்பாடு. வாயில் நண்டுக் கொடுக்கு மாதிரி ஒரு ஜோடி. எண்ணத் தொடங்கி நூறைத் தாண்டியதும் குழம்பிவிட்டேன். இரண்டு கைப்பிடிச் சருகிலிருந்து வந்தவை இவை.

ஒன்றை மட்டும் மறக்க முடியாது. ஸ்பிரிட்டில் விழாமல் சருகுத் துண்டோடு உயிராகவே வந்தது. ஊசி முனையால் தொட்டேன். எட்டுக் காலையும் உள்ளே இழுத்து, தலையை மடக்கி, டப்பென்று மூடிக்கொண்டது. வெற்றிலை போடுகிறவர்களின் சுண்ணாம்பு டப்பா எப்படி மூடும், அதே மாதிரி, விளிம்பில் இடைவெளியே இல்லை. ஐந்து நிமிடம் காத்திருந்தோம். மூடி மெல்லத் திறந்து ஒரு கால் வெளியே வந்தது. “நகருது சார்!” என்ற கூச்சலில் மறுபடி மூடிக்கொண்டது.

ஜூன் 23

இதற்கு என்ன பெயர் சொல்வது? உண்ணி என்றால் பிள்ளைகளுக்கு நாயுண்ணி. சிலந்திப்பேன் என்றால் அவர்கள் அப்பாமார் தேயிலையில் மருந்தடிக்கும் செஞ்சிலந்தி. முதல் மழையில் சிவப்பு வெல்வெட்டாக ஊர்ந்து வருமே தம்பலப்பூச்சி, சங்கப் பாடல்களில் மூதாய் என்று வருவது, அதுவும் இந்தக் கூட்டத்தின் உறவுதான். ஆனால் அதைக் கண்ணால் பார்க்கலாம். கண்ணில் படாத இவனுக்குப் பெயரே இல்லை.

மண்ணுண்ணி என்று வைத்தேன். வகுப்பு சிரித்தது, மண்ணுண்ணி மாப்பிள்ளை என்று கேலி பேசுவார்களே, அந்த நினைப்பில். சிரிப்பு அடங்கியதும் அதே பையன்: “உண்ணின்னா, எதை உண்ணும் சார்?”

ஜூலை 4

மழை விடவில்லை. சருகுக் குழியில் தேங்கிய தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் இருக்கிறது. இலை மக்கும் கதை இப்படி ஒரு வடிகட்டலில்தான் தொடங்குகிறது: கரையக்கூடிய சர்க்கரையும் உப்பும் முதல் மழைகளிலேயே வடிந்துவிடும். மிஞ்சுவது நாரும் துவர்ப்பும். சோலை மரங்களின் தடித்த இலைகளில் இரண்டும் அதிகம், அதனால் எளிதில் யாரும் கடிப்பதில்லை. பிறகு பூஞ்சை வருகிறது. வெள்ளை இழை இலைக்குள் நுழைந்து நாரை இளக்குகிறது. மண்ணுண்ணிகளில் நிறைய இனங்கள் மேய்வது இந்த இழையைத்தான்.

பூஞ்சையைத் தின்றால் மக்குவது குறையாதா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஜன்னலுக்கு வெளியே பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். பறிக்கப் பறிக்கத்தானே செடி துளிர்க்கிறது? அளவாக மேய்ந்தால் பூஞ்சையும் புதிதாக இழை விடுகிறது. மேய்ந்தவனின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வித்துத்தூள் அடுத்த இலைக்கும் போய்ச் சேருகிறது. ஒட்ட மேய்ந்தால் கெடும், செடியை மொட்டையடித்த மாதிரி.

ஜூலை 5 – 17

மழை. மின்சாரம் இல்லை. மூன்று புனல் சருகு வீண்.

ஜூலை 20

தென் எக்குவடோரில், லோகாவுக்கும் சமோராவுக்கும் இடையே ஆண்டீஸ் மலைச் சரிவில் ஒரு மழைக்காடு. ஜெர்மானிய ஆய்வாளர்கள் அங்கே வருடக்கணக்காகச் சருகைக் கிளறியிருக்கிறார்கள். 2005-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்வி: சிதைப்பவர்கள் எங்கே?

அவர்கள் பயன்படுத்தியது நைட்ரஜன் கணக்கு. நைட்ரஜனில் கனமான வகை ஒன்று கொஞ்சம் உண்டு. ஒருவரை ஒருவர் தின்னத் தின்ன, ஒவ்வொரு படியிலும் உடம்பில் அதன் பங்கு ஏறும். கல்யாண வீட்டில் யார் எத்தனையாவது பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று இலையைப் பார்த்தே சொல்வதுபோல. முதல் பந்தி சருகு தின்பவர்கள், அடுத்தது பூஞ்சை மேய்பவர்கள், கடைசி வேட்டைக்காரர்கள். பாடப்புத்தகத்தின்படி மண்ணுண்ணிகள் முதல் பந்தியில் நெருக்கியடித்துக் கொண்டிருக்க வேண்டும். அந்தக் காட்டில் முதல் பந்தியில் ஆள் மிகக் குறைவு. நிறையப் பேர் பின்பந்திகளில் இருக்கிறார்கள். நூற்புழுவைப் பிடிப்பவர்களும் செத்ததைத் தின்பவர்களும்கூட அவர்களில் உண்டு.

இன்னொன்றும் இடித்தது. வெப்பமண்டலம் என்றால் எதிலும் இனங்கள் கொட்டிக்கிடக்கும் என்பது நம் நினைப்பு. மரம், பறவை, தவளைக்குச் சரி. பதினாயிரத்துக்கும் மேல் இனங்கள் உள்ள இந்த ஓட்டு மண்ணுண்ணிகளில் அப்படி இல்லையாம்: குளிர்நாட்டிலிருந்து மிதமான நாட்டுக்கு வரும்போது பெருகும் இனங்கள், அங்கிருந்து வெப்பமண்டலத்துக்கு வரும்போது மேலும் பெருகுவதில்லை.

பத்தொன்பது வருடமாக நான் போட்ட அம்புக்குறி! எத்தனை பிள்ளைகள் அதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருப்பார்கள்.

ஆகஸ்ட் 3

1957-இல் இங்கிலாந்தில் தொடங்கிய முறையைப் பார்த்து நானும் பை தைத்தேன். இலையை நைலான் பையில் போட்டுத் தரையில் வைத்து, மாதங்கள் கழித்து எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது. கொசுவலையில் ஆறு பை, மண்ணுண்ணி புகுந்துகொள்ளலாம். ஸ்கிரீன் பிரிண்டிங் துணியில் ஆறு பை, பூஞ்சை இழை மட்டும் நுழையலாம். அளவு சொன்னதும் டெய்லர் கேட்டார்: “விபூதிக்கா சார்?”

அறுபதுகளில் சில ஆய்வாளர்கள் பைக்குள் அந்துருண்டைச் சத்தைப் போட்டுப் பூச்சிகளை விரட்டியிருக்கிறார்கள். சுலபம்தான். ஆனால் அந்துருண்டையையே தின்று வாழும் பாக்டீரியாக்கள் உண்டு, கணக்கு கெட்டுவிடும். நமக்குத் துணியே போதும்.

இலை காய வைக்க வெயில் எங்கே? அடுப்பு மேட்டில் இரண்டு நாள் பரப்பினேன். வீட்டில் பேச்சு வாங்கினேன்.

ஆகஸ்ட் 16

பக்கத்து லைன் வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். “குப்பைக்குப் போய் பல்பு போட்டு வச்சிருக்கீங்களே சார், இதனால என்ன பிரயோஜனம்?” மக்கு, உரம் என்று ஆரம்பித்தேன். முகத்தில் ஈடுபாடே இல்லை. உங்கள் ஆட்டுக்கு நாடாப்புழு வருகிறதே, அதன் குஞ்சு வளர்வது புல்லடியில் இருக்கும் இவன் வயிற்றில்தான், புல்லோடு சேர்த்து ஆடு இவனையும் விழுங்குகிறது என்றேன். “அப்ப இதுங்களுக்கு மருந்தடிக்கணும்னு சொல்லுங்க” என்று போய்விட்டார். நான் சொல்ல வந்தது அதில்லை.

செப்டம்பர் 5

ஆசிரியர் தினம். பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னேன். வெப்பநாடுகளில் வாழும் ஒரு மண்ணுண்ணி, எடை ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆண் துணையே இல்லாமல் பெண்ணிலிருந்து பெண்ணாகப் பெருகும் இனம். 2007-இல் அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். தன் எடையைப்போல் 1,180 மடங்கு இழுவையைத் தாங்கிக் காலூன்றி நின்றது. மாலையில் மைதானத்தில் கயிறு இழுக்கும்போது ஒரு கட்சிக்கு மண்ணுண்ணி என்று பெயர். அவர்கள் தோற்றார்கள்.

நவம்பர் 14

இரண்டு பைகளைக் காட்டுப்பன்றி கிளறிவிட்டது. மற்றவற்றில் வகைக்கு ஒன்றாகத் திறந்தோம்.

கொசுவலைப் பை: இலை நரம்புக்கு நடுவே சல்லடை. தலைமுடிபோல் மெல்லிய வேர் ஒன்று வலைக்கண் வழியாக நுழைந்து இலையைத் தழுவிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் மரமே தன் சருகிலிருந்து நேராக எடுத்துக்கொள்கிறதா? இன்னோர் அம்புக்குறி.

துணிப் பை: இலை கறுத்து நைந்து, ஆனால் முழுசாக. நினைத்தபடிதான் என்று எழுதப் போனேன். பையன் காம்பைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். “உள்ள பொக்கையா இருக்கு சார்.”

பிளேடால் நெடுக்காகப் பிளந்தோம். காம்புக்குள்ளே குழாய்போல் ஒரு சுரங்கம். வழி நெடுக மிளகுத்தூள் தூவினாற்போல் எச்சம். சுரங்கம் முடியும் இடத்தில் ஒரு வெள்ளைப் பொடி. லென்ஸில் பார்த்தால் அதற்குக் கால் இருக்கிறது. சுண்ணாம்பு டப்பாக்காரனின் குஞ்சு. ஓடு இன்னும் கெட்டிப்படவில்லை, மூடிக்கொள்ளத் தெரியாத வயது. துணி வழியாக நுழைந்திருக்க முடியாது. மரத்தடியில் நான் இலை பொறுக்கியபோதே காம்புக்குள் முட்டையாக இருந்திருக்கவேண்டும். என் அடுப்பு மேட்டுச் சூட்டையும் தாண்டியிருக்கிறது. ஆறு துணிப் பைகளின் கணக்கும் போயிற்று.

பையனிடம் லென்ஸைக் கொடுத்தேன். “கேட்டாயே, சருகை நிஜமாகவே தின்கிறவன், இதோ.”

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இவ்வளவு காட்டுக்கும் இவங்க மட்டுமா சார்?”